கல்லாவுக்கு அடியில்

திருட்டுப் பயத்துக்கு உங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்? எங்கள் பாட்டி தலைமாட்டில் உலக்கையை வைத்துக்கொண்டு படுப்பாள். இரும்புப் பூண் போட்ட, நல்ல கனமான உலக்கை. நாற்பது வருஷத்தில் அது ஒரு திருடனையும் அடித்ததில்லை. இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்த தாத்தாவின் கால் கட்டைவிரல் மேல் மட்டும் இரண்டு தடவை உருண்டிருக்கிறது.

என் அக்கா வீட்டில் துப்பாக்கி இருக்கிறது.

அக்கா இருப்பது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸில். அந்தத் துப்பாக்கி அவள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். எழுத அக்காவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அத்தானிடம் வாங்கவில்லை. அவர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது என்ற தைரியம்தான்.

2020-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி, மினியாபொலிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றது உங்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்கா முழுவதும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலான ஊர்வலங்கள் அமைதியாகவே நடந்தன. ஆனால் சில இடங்களில் ஊர்வலத்தின் நிழலில் வேறு ஒரு கூட்டம் கடை கடையாகப் புகுந்தது. 31-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாண்டா மோனிகாவில் அதுதான் நடந்தது. அக்கா வீட்டிலிருந்து அது மூன்று மைல்.

நமக்கு அப்போது திங்கட்கிழமை விடியற்காலை. டெலிபோன் அடித்தது. அந்த நேரத்தில் அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதானே முதலில் தோன்றும்?

"ஒண்ணும் ஆகலைடி. ஹெலிகாப்டர் மேலேயே சுத்துது. இப்பத்தான் எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறிச்சு, ஊரடங்குன்னு. பாப்பா பயந்து என் மடியை விட்டு எறங்கமாட்டேங்கறா. போலீஸுக்குப் போன் பண்ணினா ரொம்ப நேரம் யாருமே எடுக்கலை."

பின்னால் அத்தான் குரல் கேட்டது. "இனிமே இப்படி இருக்க முடியாது."

அத்தானை உங்களுக்குக் கொஞ்சம் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் என்ஜினீயர். கரப்பான் பூச்சியைக்கூட அடிக்கமாட்டார். காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வாசலில் விடுவார். கல்யாணத்தின்போது தேங்காய் உடைக்கச் சொன்னதற்கு, பக்கத்தில் நின்ற என் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டவர். அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த வாரமே துப்பாக்கிக் கடை வாசலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார். கொரோனா தொடங்கிய மார்ச் மாதத்திலிருந்தே அங்கே அத்தகைய கடைகளுக்கு வெளியே வரிசை நின்றுகொண்டுதான் இருந்தது. அதுவரை துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர்கள் பலர் அதில் நின்றார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம்.

நினைத்தவுடன் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. கலிபோர்னியா மாகாணத்துச் சட்டம் மற்ற மாகாணங்களைவிடக் கண்டிப்பானது. முதலில் ஒரு பரீட்சை. முப்பது கேள்வி, இருபத்து மூன்றுக்காவது சரியாகப் பதில் எழுத வேண்டும். (அத்தான் முப்பதும் சரி. அதை என்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை அவருக்கு.) அதற்குப் பிறகு பணம் கட்டினாலும் குறைந்தது பத்து நாள் காத்திருக்க வேண்டும். ஆள் எப்படிப்பட்டவர் என்று சர்க்கார் விசாரிப்பதற்கு அந்தப் பத்து நாள். கோபத்தில் வாங்க வந்தவருக்குக் கோபம் ஆறுவதற்கும் அது உதவும் என்று சொல்வார்கள்.

நம் நாட்டில் கதை வேறு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் கிடைப்பதும் சுலபம் இல்லை. எங்கள் கிராமத்தில் ஒரு மிராசுதார் வீட்டில் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வருவார். சிறு வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஊரில் சூடு ஏறும்போது துப்பாக்கிகள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்பது நம் ஏற்பாடு. அங்கே சூடு ஏறும்போதுதான் அவை வீட்டுக்குள் வருகின்றன.

அந்தப் பத்து நாளும் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவே பஞ்சாயத்து. இங்கிருந்து நான் நாட்டாமை. அக்கா கட்சி ஒரே வரி: "வீட்டில் ஒன்பது வயசுப் பையன் இருக்கான்." அத்தான் வாயால் வாதாடவில்லை. எனக்கு ஒரு போட்டோவை அனுப்பினார்.

ஒரு கடையின் மொட்டைமாடி. கொரிய முகங்கள். கையில் துப்பாக்கிகள். தூரத்தில் புகை. 1992-ஆம் வருஷத்துக் கலவரத்தில் எடுத்தது. 2020-இல் அந்த மாதிரிப் படங்கள் அமெரிக்கா முழுவதும் கைக்குக் கை சுற்றின. "இவங்க கடை தப்பிச்சுது. கீழே போலீஸ் ஒருத்தராவது இருக்காங்களா பாரு" என்று அத்தான் எழுதியிருந்தார்.

பத்திரிகைக்காரிக்குப் படம் அனுப்பினால் அதோடு நிற்பாளா? அந்தக் கலவரத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கோர்ட்டுத் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். "சா-இ-கு" என்று 1993-இல் வந்த ஒரு படத்தையும் பார்த்தேன். கொரியப் பாஷையில் நாலு-இரண்டு-ஒன்பது என்று அர்த்தம். கலவரம் தொடங்கிய ஏப்ரல் 29. அதில் பேசுகிறவர்களில் பலர் கடை வைத்திருந்த கொரியப் பெண்கள்.

அத்தான் சொன்னதில் பொய் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராட்னி கிங் என்ற கறுப்பரை நான்கு போலீஸ்காரர்கள் அடித்தது வீடியோவில் பதிவாகி உலகமே பார்த்திருந்தது. அவர்களை அடிதடிக் குற்றத்திலிருந்து ஜூரிகள் விடுவித்த அன்று சாயங்காலமே தெருக்கள் பற்றிக்கொண்டன. ஃபுளோரன்ஸ்-நார்மண்டி என்ற நாற்சந்தியிலிருந்து போலீஸ் பின்வாங்கிப் போயிற்று. ஒரு லாரி டிரைவரை ஜனங்கள் அங்கே இழுத்துப் போட்டு அடித்ததை ஹெலிகாப்டரிலிருந்து டெலிவிஷன் காட்டிக்கொண்டிருந்தது. காக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. ஆறு நாளில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொரியர்களின் கடைகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் எரிந்தன அல்லது சூறையாடப்பட்டன. மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் பேர் தெரியாத கம்பெனிகளில் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்த பலருக்குச் சல்லிக் காசு வரவில்லை. அந்தப் படத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசும்போது எனக்கு வேறு எதுவும் நினைவு வரவில்லை. எங்கள் தெரு மளிகைக் கடை அம்மாள், ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவள் முகம்தான் வந்தது. அந்த மாதிரிக் கடைக்குப் போலீஸ் வராது என்று தெரிந்துவிட்டால், ஆண்பிள்ளைகள் மாடி ஏறத்தானே செய்வார்கள்? கொரியாவில் ராணுவப் பயிற்சி கட்டாயம். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். கொரிய வானொலியில், இந்தக் கடைக்கு ஆபத்து, அந்தக் கடைக்கு ஆள் தேவை என்று சொல்லச் சொல்ல வாலிபர்கள் காரில் ஏறிப் போனார்கள்.

அந்த வாலிபர்களில் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். வயது பதினெட்டு. ஏப்ரல் 30-ஆம் தேதி இரவு நண்பர்களோடு கடைகளைக் காக்கப் போனான். இருட்டு. வருவது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து, காவலுக்கு நின்ற கொரியர்களே சுட்டார்கள். பையன் அங்கேயே போய்விட்டான்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. தாயார் பார்க்கிறாள். தன் பிள்ளை போலத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் கிடப்பவன் கறுப்புச் சட்டை போட்டிருக்கிறான். தன் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு அல்லவா வெளியே போனான்? அவன் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொள்கிறாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ரத்தம் கறுப்பாகத்தான் விழும் என்று அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தக் கலவரத்தில் செத்த கொரியர் அவன் ஒருவன்தான் என்கிறார்கள். கொளுத்த வந்தவன் கையால் அவன் சாகவில்லை.

அந்தத் தாயார் பேசும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகும் படிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால், ஜனங்களின் கோபம் குறிப்பாகக் கொரியர் கடைகள் மேல் திரும்பியதற்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. அந்தக் கணக்கிலும் ஒரு துப்பாக்கி வருகிறது.

1991-ஆம் வருஷம் மார்ச் 16, சனிக்கிழமை காலை. லடாஷா ஹார்லின்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்புப் பெண், தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கொரியர் கடைக்கு ஆரஞ்சு ஜூஸ் வாங்கப் போகிறாள். தாயில்லாப் பெண், பாட்டி வளர்ப்பு. பாட்டிலை முதுகுப் பையில் செருகிக்கொண்டு கல்லாவுக்கு வருகிறாள். விலை ஒரு டாலர் எழுபத்தொன்பது சென்ட். கையில் இரண்டு டாலர் வைத்திருந்தாள். கடைக்கார அம்மாள் திருடுகிறாள் என்று நினைத்து அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பெண் முகத்தில் குத்திவிட்டாள், நன்றாகவே குத்தினாள். அம்மாள் விழுந்து எழுந்து முக்காலியைத் தூக்கி எறிந்தாள். பெண் பாட்டிலைக் கல்லா மேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். அம்மாள் கல்லாவுக்கு அடியில் கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். குண்டு பெண்ணின் பின்தலையில் பாய்ந்தது. எல்லாம் கடைக் காமிராவில் பதிவாகியிருந்தது.

இனி, தீர்ப்பில் நான் படித்ததைக் கேளுங்கள். அந்த ரிவால்வரைத் தற்காப்புக்காகக் கணவர் 1981-இல் ஒரு சிநேகிதரிடம் வாங்கினார். ஒரு தடவைகூட அவர் அதைச் சுட்டதில்லை. மனைவிக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. 1988-இல் அவர்களுடைய வேறொரு கடையில் கொள்ளை நடந்தபோது அந்தத் துப்பாக்கியே திருடு போயிற்று! 1990-இல் போலீஸார் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை அப்படியே கொண்டுவந்து கல்லாவுக்கு அடியில் வைத்தார். யாரோ அதன் விசையைச் சீண்டி, லேசாகத் தொட்டாலே வெடிக்கும்படி மாற்றியிருந்தது யாருக்கும் தெரியாது. கோர்ட்டில் நிபுணர் சோதித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ரௌடிகள் மிரட்டல் காரணமாகச் சில நாள் மூடிக்கிடந்த கடை அது. மகன் பயந்துகொண்டு உட்காராமல் இருக்கட்டும் என்று தாயார் அன்றைக்குக் கல்லாவில் உட்கார வந்திருந்தாள். சுட்ட வேளையில் கணவர் வாசலில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் செய்ததை நான் நியாயம் என்று சொல்லவில்லை. முதுகு காட்டிப் போகிற குழந்தையை அவள் சுட்டாள். ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். நீதிபதியோ ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஐந்து வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, ஐந்நூறு டாலர் அபராதம், நானூறு மணி நேரம் சமூக சேவை. அந்தப் பெண்ணின் உறவினர்கள் கோர்ட்டு வாசலில் கதறினார்கள். அந்தத் தண்டனை சரியே என்று மேல்கோர்ட்டு உறுதி செய்த தேதி 1992 ஏப்ரல் 21. எட்டாம் நாள் ஊர் எரிந்தது. எரித்தவர்கள் பலர் வாயில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது.

இத்தனையையும் அக்காவுக்குச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மாவுக்கு அந்தத் துப்பாக்கி வேணுமான்னு யாராவது கேட்டாங்களாடி?"

அதற்குத் தீர்ப்பில் பதில் இல்லை.

அத்தானிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "சரி, அதனாலதான் பரீட்சை வச்சிருக்கான். அதனாலதான் பெட்டியில பூட்டி வைக்கணும்னு சட்டம். அந்த மனுஷன் வாங்கினது 81-ல, யாரோ சிநேகிதன்கிட்ட. நான் அப்படியா வாங்கறேன்?" பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு ராத்திரி நீ இங்க இல்லை" என்றார்.

நான் இல்லைதான். பாப்பா மடியை விட்டு இறங்காமல் இருந்தது, யாரும் டெலிபோனை எடுக்காதது, எதையும் நான் பார்க்கவில்லை. சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வியாக்கியானம் செய்வது சுலபம் என்று அவர் நினைத்திருந்தால் அது தப்பில்லை.

பத்து நாள் முடிவதற்குள் ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். கடைகளுக்கு அடித்திருந்த பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்கள். துப்பாக்கியை முப்பது நாளைக்குள் போய் எடுத்துக்கொள்ளாவிட்டால் வியாபாரம் ரத்தாகிவிடும். அப்படியே விட்டுவிடுவார் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். அவர் போய் எடுத்து வந்தார்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "எனக்கும் சொல்லிக் கொடுக்கணும். எனக்குத் தெரியாத ஒண்ணு என் வீட்டில இருக்கக் கூடாது." இருவரும் சுடும் பயிற்சி இடத்துக்குப் போனார்கள். அக்கா நாலு தோட்டா சுட்டாள். நாலாவது அட்டையில் பட்டதாம். வீட்டுக்கு வந்தும் ஒரு மணி நேரம் உள்ளங்கை விறுவிறுத்ததாம். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. எண்களை அழுத்தினால் திறக்கும் எஃகுப் பெட்டி ஒன்றில் துப்பாக்கி, வேறொன்றில் தோட்டா, இரண்டும் துணி அலமாரியின் மேல் தட்டில். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. போர்வைகளுக்குப் பின்னால் இருப்பதால் தெரியாது என்று இருவருக்கும் நிச்சயம்.

2023 டிசம்பரில் நான் அங்கே போயிருந்தேன். ஒரு நாள் அக்காவே காரை எடுத்துக்கொண்டு என்னைக் கொரியர் பேட்டைக்கு அழைத்துப் போனாள். அந்தப் பதினெட்டு வயதுப் பையன் விழுந்த தெருமுனையைப் பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தோம். எல்லா முனைகளையும் போல ஒரு முனை. சிக்னலுக்காக ஒரு நிமிஷம் நின்றோம். பச்சை விழுந்தது, போய்விட்டோம்.

ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருக்கும்போது, ராத்திரி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன், குரலைத் தணித்து, "சித்தி, அம்மா க்ளாஸெட்ல ஒரு பாக்ஸ் இருக்கு, தெரியுமா?" என்றான்.

"என்ன பாக்ஸ்?" என்றேன், புடைவையை மடித்துக்கொண்டே.

"அப்பாவோட கன். நம்பர்கூட எனக்குத் தெரியும். பாப்பாவோட பர்த்டே."

புடைவை என் கையிலேயே நின்றுவிட்டது. "திறந்து பார்த்தியா, கண்ணா?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். நான் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுகிறான் போல இருந்தது.

"ஒரே ஒரு தடவை. தொடலை."

அவன் தூங்கிய பிறகு சமையலறைக்குப் போனேன். அக்கா மறுநாளைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை மாவிலேயே இருந்தது, எடுக்கவில்லை. பிறகு குழாயைத் திறந்து வெகு நேரம் கை கழுவினாள். மாடிக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

காலையில் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அத்தான் கண் சிவந்திருந்தது. அடுப்பண்டை போய், அக்கா காதோடு, "நம்பரை மாத்திட்டேன். புதுசைச் சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

"எனக்குச் சொல்லாதீங்க" என்றாள் அக்கா.

"நான் ஊர்ல இல்லாதப்ப ஏதாவது ஒண்ணுன்னா?"

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டாள். அது சிவக்கும் வரை நின்றாள். பிறகு தோசைத் திருப்பியோடு மேஜைக்கு வந்து, பையன் தட்டில் போட்டு, "சட்னியா, பொடியா?" என்று கேட்டாள்.